போர் முடிந்த அன்று ஹாஸ்டல் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? (சீனா, வெய்ஷியன் முகாம், 1945)

கரிசல்காட்டான் (இழையைத் தொடங்கியவர்)

இந்தக் குழுமத்தில் இரண்டாம் உலகப்போர் என்றாலே ஸ்டாலின்கிராட், நார்மண்டி, ஹிரோஷிமா என்று சுற்றிச் சுற்றி வருகிறோம். டாங்கி வகைகளுக்கு மட்டும் ஓயாமல் ஓடும் இழை ஒன்று இருக்கிறது. ஒரு மாறுதலுக்கு ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தின் கதையைப் போடுகிறேன். வாத்தியார் வேலை பார்ப்பதாலோ என்னவோ, எனக்கு டாங்கியைவிட இது பிடிக்கும்.

பள்ளியின் பெயர் செஃபூ. சீனாவின் ஷான்டோங் மாகாணக் கடற்கரையில், இன்று யான்டாய் எனப்படும் ஊரில், 1881-இல் சீன உள்நாட்டு மிஷன் தொடங்கியது. மிஷனரிகள் எங்கோ உள்நாட்டில் ஊழியம் செய்வார்கள். பிள்ளைக்குப் படிக்கிற வயது வந்ததும் கொண்டுவந்து இங்கே விட்டுவிடுவார்கள். ஆங்கிலேயப் பாடத்திட்டம், கிரிக்கெட், படகோட்டம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. டைம் பத்திரிகையைத் தொடங்கிய ஹென்றி லூஸ் சின்ன வயதில் இங்கே படித்தவர்தான்.

1941 டிசம்பர் 8. பேர்ல் ஹார்பர் செய்தி வந்த கையோடு ஜப்பானியச் சிப்பாய்கள் பள்ளிக்குள் நுழைந்துவிட்டார்கள். 1942 நவம்பரில் பள்ளியைக் காலி செய்து, அதே ஊரில் டெம்பிள் ஹில் என்ற இடத்தில் சில வீடுகளுக்குள் எல்லோரையும் அடைத்தார்கள். 1943 செப்டம்பரில் கப்பல், ரயில் என்று ஏற்றி வெய்ஷியன் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அது அமெரிக்க மிஷன் ஒன்றின் பழைய வளாகம். சுற்றிலும் மதில், மின்கம்பி, காவல் கோபுரம். உள்ளே ஏறக்குறைய 1,500 பேர்: வியாபாரிகள், பாதிரியார்கள், பேராசிரியர்கள், ஜாஸ் வாத்தியக்காரர்கள், இவர்களோடு ஒரு முழுப் பள்ளிக்கூடம்.

வாத்தியார்களும் கூடவே அடைபட்டதால் படிப்பு நிற்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பாடத்திட்டப் பரீட்சையை முகாமுக்குள்ளேயே வைத்தார்கள். சாரணியர் படை, பேட்ஜ் எல்லாம் உண்டு. சாப்பாடு எப்படி இருந்தாலும் சாப்பிடும் முறையில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அரண்மனைக்கு ஒரு ஒழுங்கு, முகாமுக்கு ஒரு ஒழுங்கு என்று இரண்டு கிடையாது என்பது டீச்சர்களின் கட்சி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1945 ஆகஸ்ட் 17, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் பி-24 விமானம் ஒன்று முகாமுக்கு மேல் தாழப் பறந்தது. மேரி டெய்லர் என்ற 12 வயதுச் சிறுமி வயிற்றுப்போக்கில் படுத்துக் கிடந்தாள். கட்டில் ஏது? மூன்று டிரங்குப் பெட்டிகளை நெருக்கிப் போட்டு, மேலே ஒரு மெத்தை. சத்தம் கேட்டு ஜன்னலுக்கு ஓடினாள். விமானத்தின் வயிறு திறந்தது, ஏழு பாராசூட்டுகள் இறங்கின, மதிலுக்கு வெளியே சோளக்கொல்லையில் ஏழு பேர் விழுந்தார்கள். கூட்டம் வாசற்கதவைத் தள்ளிக்கொண்டு ஓடியது. ஒரு காவலரும் சுடவில்லை. சிறுவர்கள் வெறுங்காலோடு கொல்லைக்குள் பாய்ந்தார்கள். குழுவின் தலைவர் மேஜர் ஸ்டேகரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

வாசலுக்குப் பக்கத்து மேட்டில், முகாமில் அடைபட்டிருந்த சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பின் பேண்ட் நின்றது. நேச நாடுகளின் தேசிய கீதங்களைக் கோத்து ஒரு வெற்றி மெட்டைக் காவலர்களுக்குத் தெரியாமல் பழகி வைத்திருந்தார்கள். எந்த நாடு முதலில் வந்து விடுவிக்கும் என்று தெரியாதே! அமெரிக்க கீதம் வந்த இடத்தில் டிராம்போன் வாசித்த பையன் தரையில் சரிந்து அழுதுவிட்டான்.

அந்த ஏழு பேரில் ஜிம் மூர் என்பவர் செஃபூ பள்ளியின் பழைய மாணவர். தான் படித்த பள்ளியை விடுவிக்கப் பாராசூட்டில் வந்து குதித்த பழைய மாணவர் உலகத்தில் வேறு யாராவது உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தொட்டிமீன்

அண்ணே, அப்பா அம்மா எங்கே இருந்தார்கள்? அவர்களும் வேறு முகாமிலா?

---

கரிசல்காட்டான்

பலருடைய பெற்றோர் ஜப்பான் கைப்பற்றாத உள்நாட்டில் இருந்தார்கள் தம்பி. டெய்லர் குடும்பத்தில் கேத்லீன், ஜேமி, மேரி, ஜான் என்று நாலு பிள்ளைகள் முகாமில். தாய் தகப்பன் வடமேற்கே ஷான்ஷி மாகாணத்தில். இடையில் போர்முனை. கடிதம் எப்போதாவது வரும், வராமலும் போகும். பிள்ளைகளும் பெற்றோரும் முகம் பார்க்காமல் ஐந்தரை வருடம் போனது. மேரிக்கு முகாமில் இருந்த ஒரே பெரிய சொந்தம் தாத்தா ஹெர்பர்ட் டெய்லர். அந்த மிஷனை நிறுவிய ஹட்சன் டெய்லரின் மகன், முதியவர்.

---

ஔவைப்பேத்தி

நல்ல பதிவு. ஆனால் ஒரு கேள்வி. பெண்கள் விடுதியில் வார்டனாக வேலை பார்த்துத் தலை நரைத்தவள் என்ற முறையில் கேட்கிறேன். பிள்ளைகள் கொண்டாடியது போர் முடிந்ததையா, அட்டவணை உடைந்ததையா? ஹாஸ்டல் பிள்ளைக்கு மணி அடிக்காத நாள் எல்லாமே திருநாள்தான். தலைவர் செத்து லீவு விட்டாலும் மெஸ்ஸில் சிரிப்புச் சத்தம் கேட்கும். கரண்ட் போனால் கைதட்டுவார்கள். அதற்காக அவர்கள் இருட்டை விரும்புகிறார்கள் என்று எழுதிவிட முடியுமா?

நேர்மாறான உதாரணம் ஒன்றும் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளி. முதல் உலகப்போரில் மட்டும் அந்த ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள் 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். சேப்பலில் வாராவாரம் பெயர் வாசிப்பார்களாம். 1919-இல் சமாதான விழா என்று பெரியவர்கள் ஏற்பாடு செய்தார்கள். இருட்டில் பந்தம் ஏந்தி முற்றத்துக்கு அணிவகுத்து வந்து தேசபக்திப் பாட்டுப் பாட வேண்டும். பையன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அதே மெட்டில் கிண்டலும் ராஜத்துரோகமுமாக வார்த்தைகளை மாற்றிப் போட்டுப் பாடினார்கள். அன்று அங்கே மாணவராக இருந்த ஜார்ஜ் ஆர்வெல் பிற்பாடு இதை எழுதி, அது பையன்களுக்குப் பெருமை என்றே சொல்கிறார்.

இத்தனைக்கும் ஜெயித்த நாடு, வசதியான வீட்டுப் பிள்ளைகள். கொண்டாடு என்று சொன்னதும் கொண்டாட மாட்டேன் என்றார்கள். பிள்ளைகளின் ஆரவாரத்தைப் பார்த்து அது இன்னதற்கான ஆரவாரம் என்று நாம் பெயர் ஒட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

---

மாட்டுத்தாவணி_மணி

அக்கா சொன்னதில் கரண்ட் விஷயம் நூற்றுக்கு நூறு.

---

சோழவரம் சுந்தர்

> ஔவைப்பேத்தி எழுதியது: பிள்ளைகள் கொண்டாடியது போர் முடிந்ததையா, அட்டவணை உடைந்ததையா?

அம்மா, ஈட்டனையும் இதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அங்கே பசி இல்லை. இங்கே என்ன சாப்பிட்டார்கள் என்று படித்தால் கேள்வியே மாறிவிடும்.

காலையில் பழைய ரொட்டியை ஊறவைத்த கஞ்சி. அது இல்லாத நாளில் சோளக் கஞ்சி, பச்சைப்பயறு. சீனாவில் மாட்டுக்கும் கோழிக்கும் போடுகிற தரத்தில். நமக்குப் பயறு கஞ்சி என்றால் வாய் ஊறும். உப்பும் வெல்லமும் இல்லாமல் மாதக்கணக்கில் அதையே தின்றால் தெரியும். பால் கிடையாது. எலும்பு வளராது என்று மருத்துவர்கள் பயந்து, கள்ளச்சந்தை முட்டையின் ஓட்டைக் கழுவிக் காயவைத்து, பொடித்துக் கரண்டியில் ஊட்டினார்கள். மணலைத் தின்பதுபோல் இருக்கும், மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்குவோம் என்று சொன்னவர்கள் உண்டு.

அந்த முட்டை வந்த விதம் தனிக் கதை. மதிலுக்கு வெளியே சீன விவசாயிகள், உள்ளே ஆஸ்திரேலியப் பாதிரியார் ஸ்கேன்லன். ட்ராப்பிஸ்ட் சபைக்காரர், மௌன விரதம் இருக்கிற கூட்டம். பிடிபட்டதும் தனிச்சிறையில் போட்டார்கள். முகாமே விழுந்து விழுந்து சிரித்தது. மௌனச் சாமியாருக்குத் தனிமை ஒரு தண்டனையா? அவரோ ராத்திரியெல்லாம் உரக்க ஜெபம் பாடி, பக்கத்தில் தூங்கிய காவலர்களைப் படுத்தி எடுத்துவிட்டார்.

குளிர்காலத்தில் அடுப்புக்கரி கிடையாது, கரித்தூள்தான். அதைக் களிமண்ணோடு பிசைந்து, உருட்டி, வெயிலில் காயவைப்பது பிள்ளைகளின் வேலை. எந்த அறை அடுப்பு முதலில் சிவக்கும் என்று பெண்பிள்ளைகளுக்குள் போட்டி. சனிக்கிழமை மூட்டைப்பூச்சி வேட்டை: சுவர் இடுக்கில் கத்தியை விட்டு நெம்பி, கொதிநீர் ஊற்றுவார்கள். ஈ அடிக்கப் போட்டி, எலி பிடிக்கப் போட்டி.

செத்தவர்களும் உண்டு. 1944 ஆகஸ்டில் ஆள் கணக்கெடுக்க வரிசையில் நிற்கும்போது, தலைக்கு மேல் தொய்ந்து கிடந்த மின்கம்பியில் கை பட்டு ஒரு செஃபூ மாணவன் எல்லோர் கண்ணெதிரிலும் இறந்தான். பிள்ளைகளுக்குப் பாடமும் விளையாட்டும் சொல்லிக்கொடுத்த எரிக் லிடெல் 1945 பிப்ரவரி 21 அன்று மூளைக் கட்டியில் போனார். பாரிஸ் ஒலிம்பிக் 400 மீட்டர் தங்கம் வாங்கிய அதே லிடெல். பையன்களுக்கு அவர் எரிக் மாமா. சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் தன் பழைய ஓட்டக் காலணியை ஒரு மாணவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார், குளிருக்குப் போட்டுக்கொள் என்று.

இத்தனைக்கும் பிறகு வானத்திலிருந்து ஆள் இறங்கும்போது குதிப்பதை "அட்டவணை உடைந்த குஷி" என்று சொன்னால் எப்படி?

---

ஔவைப்பேத்தி

சுந்தர், நீங்கள் எழுதியது என் பக்கத்துக்குத்தான் சேரும். வேலை, போட்டி, பேட்ஜ், கரி உருண்டை என்று அந்த டீச்சர்கள் போரையே பள்ளி அட்டவணைக்குள் அடக்கிவிட்டார்கள். அது சாமர்த்தியம். பிள்ளைகளுக்குப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியது அதுதான். மணி தவறாமல் அடிக்கிற இடத்தில் பிள்ளை பயத்தை ஓரம் வைத்துவிடும். ஜூனில் புதிதாக வந்து அழுகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கேட்டேன். போர் என்னவென்றே முழுக்கத் தெரியவிடாமல் வளர்த்த பிள்ளைக்குப் போர் முடிவு என்னவாகத் தெரியும்?

---

கரிசல்காட்டான்

இதற்குப் பதில் அன்றைக்குப் பிள்ளைகள் செய்ததிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன் அக்கா. ஜெர்மனி தோற்றது, ஜப்பான் சரணடைந்தது என்று யாரும் கத்தவில்லை. அந்த ஏழு பேரை விட்டு அகலாமல் சுற்றினார்கள், அவ்வளவுதான். சட்டை பொத்தான் வேண்டும், தோள்பட்டைச் சின்னம் வேண்டும், கையெழுத்து வேண்டும். பெண்பிள்ளைகள் தலைமுடியில் ஒரு கற்றை வெட்டித் தரச் சொல்லிக் கெஞ்சினார்கள். பாராசூட் பட்டைத் துண்டு போட்டுப் பங்கு வைத்தார்கள். குழுவிலேயே சின்னவர் பீட்டர் ஆர்லிச், 21 வயது. ஒரு பெண்பிள்ளை பாராசூட் பட்டில் மீட்புக் காட்சியைப் பூத்தையல் போட்டு, ஏழு பேரின் கையெழுத்தோடு அவருக்குக் கொடுத்தாள். அவர் இறந்த பிறகும் அவர் மனைவி அதைப் பத்திரமாக வைத்திருந்தார்.

ஐரோப்பாவில் போர் முடிந்தபோதும் ஒன்று நடந்தது. மே மாதம், செய்தி எப்படியோ கசிந்து வந்துவிட்டது. நடுராத்திரியில் முகாமின் மணிக்கூண்டில் மணி அடித்தது. முகாம்வாசிகள் இரண்டு பேர், ஜெர்மனி விழுந்தால் அடிப்போம் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். காவலர்கள் யாரோ தப்பிவிட்டான் என்று பதறி, எல்லோரையும் தூக்கத்தில் எழுப்பி வரிசையில் நிறுத்திக் கணக்கெடுத்தார்கள். ராத்திரி உடுப்பில் நின்ற பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு வேடிக்கை. மணி அடித்து அட்டவணையை உடைத்த ஒரே விழா அதுவாகத்தான் இருக்கும்.

---

வடமராட்சியான்

நான் இங்கே வாசிப்பவன், எழுதுவது குறைவு. இந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க ஏலவில்லை.

2009 மே மாதம் நான் கொழும்பில் போர்டிங்கில் நின்று படித்தேன். ஓ லெவல் வருடம். 18, 19-ஆம் திகதிகளில் ரோட்டெல்லாம் வெடி. கொடி பிடித்துக்கொண்டு லொறிகளில் பெடியள் போனார்கள். சந்திகளில் பாற்சோறு கொடுத்தார்கள். 20-ஆம் திகதி அரசு விடுமுறை. எங்கள் வகுப்புச் சிங்களப் பெடியன் ஒருவன், நல்லவன், என்னோடு ஒரே பெஞ்ச், வாழையிலையில் பாற்சோறு கொண்டுவந்து தந்தான். அவனுடைய அண்ணன் ஆமியில். இனி அண்ணன் வீட்டுக்கு வருவான் என்று அவனுக்குச் சந்தோஷம். அதைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னுடைய மாமி குடும்பம் அப்போது வன்னிக்குள் இருந்தது. உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாது.

நான் அந்தப் பாற்சோற்றை வாங்கினேன். சாப்பிட்டேன். போர்டிங்கில் இருந்த மற்றத் தமிழ்ப் பெடியள் இரண்டு பேர் என்னோடு கொஞ்ச நாள் கதைக்கவில்லை.

அக்கா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவன் கொண்டாடியது அவனுடைய அண்ணனை.

---

மட்டுறுத்துநர்_2

மேலே உள்ள பதிவுக்கு அரசியல் பதில்கள் குவியத் தொடங்கியதால் ஏழு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். 2009 பற்றிப் பேசத் தனி இழை உண்டு. வடமராட்சியானின் பதிவு இங்கேயே இருக்கும், யாரும் அதைப் புகார் செய்ய வேண்டாம்.

---

ஒசாகாவாசி

வடமராட்சியான், எழுதியதற்கு நன்றி.

அதே 1945 ஆகஸ்டில் எதிர்த்தரப்புப் பிள்ளைகளும் ஒருவகை ஹாஸ்டலில்தான் இருந்தார்கள். அதையும் இங்கே சேர்க்க வேண்டும்.

1944 கோடையில் ஜப்பான் அரசு பெருநகரங்களின் ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளை, மூன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை, வாத்தியார்களோடு கூட்டங்கூட்டமாகக் கிராமங்களுக்கு அனுப்பியது. நாலு லட்சத்துக்கும் மேல். தங்கியது கோயில்களிலும் சத்திரங்களிலும். காலையில் தாய் தகப்பன் இருக்கும் திசை பார்த்து வணங்கிவிட்டு வயல் வேலை. வீட்டுக்கு எழுதும் கடிதத்தை வாத்தியார் வாசிப்பார். பசிக்கிறது என்று எழுதக்கூடாது. பசி தாங்காமல் பற்பசையைத் தின்ற பிள்ளைகள் பலர். ஒட்டெதாமா என்று ஒரு விளையாட்டுச் சாமான் உண்டு, துணிப்பைக்குள் பயறு வைத்துத் தைத்தது, தூக்கிப் போட்டுப் பிடிப்பார்கள். சில அம்மாக்கள் அதில் வறுத்த சோயா பயறை வைத்துத் தைத்து அனுப்பினார்கள். புரிந்துகொண்ட பிள்ளை ராத்திரி போர்வைக்குள் தையலைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தின்னும்.

தோக்கியோவின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை 1945 மார்ச் தொடக்கத்தில் பள்ளி முடிப்பு விழாவுக்காக ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். மார்ச் 10 ராத்திரி குண்டுவீச்சு. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் செத்த ராத்திரி அது. திரும்பி வந்த பிள்ளைகள் பலர் அதில் போனார்கள். கிராமத்தில் தங்கிய தம்பி தங்கைகள் தப்பினார்கள். அவர்களைக் கூட்டிப்போக வர வேண்டியவர்கள் இல்லாமல் போனார்கள்.

ஆகஸ்ட் 15 நண்பகல் சக்கரவர்த்தியின் பேச்சு ரேடியோவில். கோயில் முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். அரண்மனை நடையில் அவர் பேசியது, ரேடியோ இரைச்சல் வேறு, பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டீச்சர் அழுதார், அதனால் அழுதோம் என்பார்கள். உள்ளுக்குள் வீட்டுக்குப் போகலாம் என்று துள்ளியதாக ஒப்புக்கொண்டவர்களும் உண்டு, வயதான பிறகு. பலருக்கு ஊர் திரும்ப அக்டோபர், நவம்பர் ஆனது. 1948-இல் அரசு கணக்கெடுத்தபோது நாடு முழுக்க அனாதைப் பிள்ளைகள் 1,23,000-க்கு மேல். ரயில்நிலையங்களில் கிடந்தார்கள்.

பள்ளி திறந்ததும் முதல் வேலை என்ன தெரியுமா? பழைய பாடப்புத்தகத்தில் போர்ப்பெருமை பேசும் வரிகளை மையால் அடிப்பது. மனப்பாடம் செய்ய வைத்த அதே வாத்தியார் நின்று, இந்த வரியிலிருந்து அந்த வரி வரை அடி என்று சொல்வார்.

---

ஔவைப்பேத்தி

"டீச்சர் அழுதார், அதனால் அழுதோம்." இதைத்தான் சொல்ல வந்தேன். நான் நாலு பதிவு எழுதினாலும் இவ்வளவு நேராக வந்திருக்காது. நன்றி ஒசாகாவாசி.

---

செம்மண்புழுதி

ஒரு சந்தேகம் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். சீனாவில் 1937-லிருந்து எட்டு வருடம் போர். லட்சக்கணக்கில் சீனப் பிள்ளைகள் செத்தார்கள். நாம் ஏன் மதிலுக்குள் இருந்த வெள்ளைக்கார மிஷனரி வீட்டுப் பிள்ளைகளின் பீச் பழ டப்பாவுக்குக் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறோம்? செஃபூ பள்ளியில் சீனப் பிள்ளை ஒன்றாவது படித்ததா?

---

கரிசல்காட்டான்

நியாயமான கேள்வி. அது சீனப் பிள்ளைகளுக்கான பள்ளி இல்லை. சீனாவில் நடந்த ஆங்கிலேயப் பள்ளி, அவ்வளவுதான். நம் மலைவாசத் தலங்களில் வெள்ளைக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு நடத்திய பள்ளிகளின் ரகம்.

ஆனால் சீனர்கள் இல்லாமல் இந்தக் கதை இல்லை. முகாமின் கழிவறை அள்ள வந்த சீனத் தொழிலாளர்கள்தான் வெளியுலகச் செய்தியை உள்ளே கடத்தினார்கள். காவலர் யாரும் அவர்கள் பக்கத்தில் போய்ச் சோதிக்க மாட்டார் என்ற தைரியம். 1944 ஜூனில் டிப்டன், ஹம்மல் என்ற இருவர் மதிலேறித் தப்பி வெளியே சீனக் கெரில்லாக்களோடு சேர்ந்துகொண்டு தகவல் அனுப்பினார்கள். ஹம்மல் பின்னாளில் அமெரிக்கத் தூதராகவே சீனாவுக்கு வந்தார்.

குதித்த ஏழு பேரில் ஒருவர் சீனர், மொழிபெயர்ப்பாளர் எட்டி வாங். இன்னொருவர் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர், டேட் நகாக்கி, நெப்ராஸ்காவில் விவசாயம் செய்தவர். மேரி டெய்லர் பிற்காலத்தில் நியூஜெர்சி சட்டமன்ற உறுப்பினராக ஆனார். 1997-இல் உட்கார்ந்து தேடித் தேடி, மீட்டவர்களில் அமெரிக்கர்கள் ஆறு பேரையோ அவர்களின் மனைவியரையோ கண்டுபிடித்து நன்றி சொன்னார். வாங்கை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. மேலும் ஏறக்குறைய இருபது வருடம் கழித்துத்தான் கிடைத்தார். 2016-இல் மேரி சீனாவுக்கே போய் அவரைப் பார்த்தார். அப்போது மேரிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஏழு பேரில் சீனர் மட்டும் கடைசியில் கிடைத்தார் என்பதில் உங்கள் கேள்விக்கும் கொஞ்சம் பதில் இருக்கிறது.

---

தொட்டிமீன்

பீச் பழ டப்பா என்று வருகிறதே, அது என்ன?

---

சோழவரம் சுந்தர்

விடுதலைக்குப் பிறகு பி-29 விமானங்கள் சாமான் போட்டன. பெரிய டிரம்களில் டப்பா உணவு, பீச் பழம், இறைச்சி, சாக்லேட், சூயிங்கம். பாரம் தாங்காமல் பாராசூட் அறுந்து டிரம் குண்டு மாதிரி விழும். கூரையைப் பிய்த்துக்கொண்டு இறங்கியதும் உண்டு. போரில் தப்பியவர்கள் பீச் பழ டப்பா விழுந்து சாகப் பார்த்தார்கள். டப்பாவைக் கண்டவுடன் விழுங்கிவிட்டு வயிறு தாங்காமல் வாந்தி எடுத்தவர்கள் ஏராளம், பெரியவர்கள் உட்பட.

பெரியவர்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. 1945 ஜனவரியில் செஞ்சிலுவைச் சங்கப் பொதிகள் 1,500-க்கு மேல் வந்தன. அனுப்பியது அமெரிக்கா, அதனால் எல்லாம் எங்களுக்கே என்று 200 அமெரிக்கர்களில் சிலர் சண்டைக்கு நின்றார்கள். கடைசியில் ஜப்பானிய அதிகாரிகள்தான் ஆளுக்கு ஒன்று என்று தீர்ப்புச் சொன்னார்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த மிஷனரிப் பிள்ளைகள் பெரியவர்களைப் பற்றி அன்று கற்றது எந்த வேதபாடத்திலும் இருந்திருக்காது.

---

ஔவைப்பேத்தி

கரிசல்காட்டான், அந்த நாலு பிள்ளைகளும் வீட்டுக்குப் போனார்களா? அதைச் சொல்லவே இல்லையே.

---

கரிசல்காட்டான்

போனார்கள், ஆனால் உடனே இல்லை. விடுதலை ஆகஸ்ட் 17. அதற்கப்புறமும் வாரக்கணக்கில் எல்லோரும் அதே முகாமில்தான். மதிலுக்கு வெளியே தேசியவாதிகளுக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் அடுத்த சண்டை தொடங்கிவிட்டது, தண்டவாளங்களைப் பெயர்த்தார்கள். விசித்திரத்தைக் கேளுங்கள்: முகாமைப் பாதுகாக்க அதே ஜப்பானியக் காவலர்களையே அமெரிக்கர்கள் துப்பாக்கியோடு நிற்கவைத்தார்கள். செப்டம்பர் 25-இல் ஒரு பெருங்கூட்டம் ரயிலில் சிங்டாவ் துறைமுகத்துக்குப் போனது. மீதிப் பேரை ரயில் பாதை உடைந்துபோனதால் அக்டோபரில் விமானத்தில் ஏற்றினார்கள்.

டெய்லர் பிள்ளைகளுக்கு முன்னதாகவே விமானத்தில் இடம் கிடைத்தது. செப்டம்பர் 10 அன்று ஷியான் நகரம். அங்கிருந்து ரயிலிலும் வண்டியிலும், கடைசியில் மழைச்சேற்றில் நடந்தும், 11-ஆம் தேதி ராத்திரி பெற்றோர் இருந்த ஃபெங்ஷியாங் போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளைகள் வருவது பெற்றோருக்குத் தெரியாது. சீன நண்பர் ஒருவர் முன்னால் ஓடிப்போய், பிள்ளைகள் வந்துவிட்டார்கள் என்று சொன்னார். மேரி பிரியும்போது சின்னக் குழந்தை. திரும்பும்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்.

அன்று ராத்திரி பேண்ட் இல்லை, கொடி இல்லை. அழுது, கட்டிப்பிடித்து, மாறி மாறிப் பேசித் தீர்த்திருக்கிறார்கள். போர் முடிந்தது அன்றைக்குத்தான் என்பேன், அக்கா ஒத்துக்கொண்டாலும் சரி, ஒத்துக்கொள்ளாவிட்டாலும் சரி.

---

ஔவைப்பேத்தி

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஆகஸ்ட் 17 பற்றி என் கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

---

மாட்டுத்தாவணி_மணி

அந்த இடம் இன்னும் இருக்கிறதா? கம்பெனி வேலையாக சிங்டாவ் போவேன், பக்கம்தானே?

---

ஒசாகாவாசி

இருக்கிறது. வெய்ஷியன் இப்போது வெய்ஃபாங் என்ற பெரிய நகரம். சிங்டாவிலிருந்து அதிவேக ரயில் உண்டு, காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். பழைய கட்டடங்களில் சில மிச்சம் இருக்கின்றன, அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். எரிக் லிடெலுக்கு 1991-இல் எடின்பரோ பல்கலைக்கழகம் வைத்த நினைவுக்கல் இருக்கிறது, ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவந்த கிரானைட். தேதியை நீங்களே வைக்க முடியும் என்றால் ஏப்ரலில் வையுங்கள், அந்த ஊரில் உலகப் பட்டத் திருவிழா நடக்கும். அறை மட்டும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள், அந்த வாரம் கிடைப்பது கஷ்டம்.